தீவுக்கு ஐந்து வண்டி மாறிப் போவது எப்படி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பதினேழுக்கு அட்டவணைக்காரர் ஒரு வீர சபதம் எடுத்தார். உயிரே போனாலும் விமானத்தில் ஏறுவதில்லை!

சபதத்தை வாய்விட்டு எடுக்கவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆகவே உதட்டை மட்டும் அசைத்து எடுத்தார்.

சபதத்துக்குக் காரணம், சாப்பாட்டு மேஜை மேல் கிடந்த போன். அதற்குள்ளிருந்து மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி அடுத்த மாசம் நாப்பது வருஷம். இந்தத் தடவையாவது அந்தத் தீவுக்குப் போயிட்டு வாங்க. ரெண்டே மணி நேர ஃப்ளைட். டிக்கெட் நான் போட்டுடறேன்."

"நீ ஏம்மா சிரமப்படறே? முப்பத்துநாலு வருஷம் ஊர் உலகத்தையே அனுப்பி வச்சவன் நான். என்னையும் உங்கம்மாவையும் அனுப்பி வைக்க மாட்டேனா? வழியெல்லாம் நானே பாத்துக்கறேன்."

"வழி என்னப்பா வழி? ஏறினா இறங்க வேண்டியதுதானே?"

"அது உங்க காலத்துப் பிரயாணம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பட்டாணி உருண்டு மேஜை விளிம்பு வரை ஓடியது. விழுவதற்கு முன் பிடித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

அவர் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கால அட்டவணைப் பிரிவில் இருந்தவர். அந்தப் பிரிவில் எதிரெதிராக இரண்டு மேஜைகள். நகரத்தை விட்டுப் போகிற வண்டிகள் இவர் மேஜை. நகரத்துக்குத் திரும்பி வருகிற வண்டிகள் எதிர் மேஜை. அலுவலகத்தில் இவருக்குப் போக்கு என்று பெயர், எதிர் மேஜைக்காரருக்கு வரவு. போக்கு போட்ட அட்டவணைப்படி வண்டி போகும். போன வண்டி திரும்பி வருமா, வராதா என்று கவலைப்படுவது வரவின் உத்தியோகம். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு நாளும் இவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. வரவும் அதை விரும்பியதில்லை.

இவர் போட்ட நேரம் எவ்வளவு துல்லியம் என்றால், தண்டவாளத்தில் படுத்து வெயில் காய்ந்த நாய்கள் வண்டி வருவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் தாமாக எழுந்து போகும். ஒரு வருஷம் இவர் காய்ச்சலில் படுத்து அட்டவணை பழசாகிப் போனபோது, அந்த நாய்கள் குழம்பிப் போய் நடைமேடையிலேயே தங்கிவிட்டன என்று கேள்வி.

இப்பேர்ப்பட்டவருக்கு விமானம் என்றால் பயம். இந்த விஷயம் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம். ஒரு தடவை அலுவலகமே டிக்கெட் வாங்கி ஒரு கூட்டத்துக்கு விமானத்தில் அனுப்பியது. விமான நிலையத்துக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற விமானத்தைப் பார்த்தார். திரும்பி ரயில் நிலையத்துக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். விமானம் தாமதம் என்றார். அன்றைக்கு அந்த விமானம் பத்து நிமிஷம் முன்னதாகவே இறங்கியிருந்தது.

மனைவியிடம் வேறு வேறு காலத்தில் வேறு வேறு காரணம் சொல்லி வந்தார். பெரும்பாலும் காது வலி.

*

அந்தத் தீவின் கதை பழையது. கல்யாணமான முதல் வருஷம் அவர்கள் இருந்தது ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும், கதவைத் திறந்தால் அடுப்பில் இடிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒருவர் வெளியே போய் நிற்க வேண்டும். சுவரில் ஒரு டயர் கடைக் காலண்டர். அதில் ஒரு தீவு. வெள்ளை மணல், பச்சைக் கடல், கரையில் ஒரு தென்னை மட்டும் தண்ணீரைத் தொட்டுவிடுவதுபோலச் சாய்ந்து நிற்கும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கட்டம் போட்ட பெரிய காகிதத்தைத் தரையில் விரிப்பார். குறுக்கே மணி, நெடுக்கே நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த கோடு. காகிதம் சுருண்டுகொள்ளாமல் இருக்க மூன்று மூலைக்கு மூன்று டம்ளர், நாலாவது மூலைக்கு அவள் முழங்கால். அவர் கோடு போடுவார். அவள் ஸ்கேலின் இன்னொரு முனையைப் பிடிப்பாள். அப்படியே ஒரு நாள் விரலை வைத்தாள்.

"இங்க பாருங்க. பின்னால வர்ற வண்டி முன்னால போற வண்டி மேல ஏறுது."

குனிந்து பார்த்தார். ஏறத்தான் செய்தது. விரைவு வண்டியின் கோடு, இரண்டு நிலையங்களுக்கு நடுவே, சரக்கு வண்டியின் கோட்டை வெட்டிக்கொண்டு போனது. மறுநாள் திருத்திக் கொண்டுபோனார். பெரிய அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். அது யாருடைய விரல் என்று அவர் அலுவலகத்தில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை வீட்டிலும் சொல்லவில்லை.

அந்த வருஷமே தீவுக்குப் போவதாக இருந்தது. லீவு கிடைத்தது. அவள் ஒரு பெட்டியை இரவல் வாங்கி, நாலு நாள் முன்பே துணியை அடுக்கி, திரும்ப எடுத்து, திரும்ப அடுக்கினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் வெள்ளத்தில் ஒரு ரயில் பாலம் போய்விட்டது. இருநூறு வண்டிகளுக்குப் புது நேரம் போட வேண்டும். லீவு ரத்து.

"அடுத்த வருஷம் போகலாம்," என்றார்.

"சரிங்க," என்றாள்.

அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அதற்கடுத்து பள்ளிக்கூடம், வீடு, மாமனார் உடம்பு, மாமியார் உடம்பு. டயர் கடையையே மூடிவிட்டார்கள். காலண்டரின் அந்த ஒரு தாளை மட்டும் அவள் வீடு மாறும்போதெல்லாம் மடிக்காமல் சுருட்டி எடுத்து வந்தாள்.

*

திங்கட்கிழமை அவர் திட்டத்தை வெளியிட்டார்.

"இங்க பாரு. முதல்ல ஒரு ரயில். அங்க இறங்கி இன்னொரு ரயில். அப்புறம் ஒரு பஸ். நடுவுல ஒரு ஆறு வருது, அதுக்குப் படகு. துறைமுகத்துல கப்பல். மொத்தம் அஞ்சே வண்டி!"

"எவ்வளவு நேரம்?"

"முப்பத்தொன்பது மணி இருபது நிமிஷம்."

"ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரம்."

"அதுல என்ன தெரியும்? மேகம். வெள்ளையா, பஞ்சு மூட்டை மாதிரி. அதைப் பாக்கணும்னா தலையணையைப் பிரிச்சு ஜன்னல்ல வச்சிக்கிட்டு உக்காரலாம். இதுல பாரு, ஆறு, மலை, பாலம், சுரங்கம்! அந்தக் காலத்துல எப்படிப் போறதா இருந்தோமோ அப்படியே போறோம். நாப்பது வருஷத்துக்கு முன்னால விட்ட இடத்துலேர்ந்து தொடங்கறோம். இதுல ஒரு காதல் இருக்கு, உனக்குப் புரியலை."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"சரிங்க."

அவர் மனைவியின் 'சரிங்க'வில் ஏழு வகை உண்டு. உண்மையான சரிங்க. அப்புறம் பார்க்கலாம் சரிங்க. பேசியது போதும் சரிங்க. விருந்தாளி போகட்டும் சரிங்க. இப்படி ஒவ்வொன்றையும் அடிபட்டு அடிபட்டுத் தெரிந்துவைத்திருந்தார். இது அந்த ஏழில் எதிலும் சேரவில்லை. எட்டாவது. கொஞ்சம் கலவரமாக இருந்தது. ஆனால் 'சரி' என்றவளிடம் போய் ஏன் என்று கேட்பவன் மூடன் அல்லவா? விட்டுவிட்டார்.

அதன் பிறகு பத்து நாள் அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது! கட்டம் போட்ட காகிதத்தை அவர் மறுபடி வாங்கி வந்தார். இப்போது மேஜை இருந்தது. ஆனாலும் சுருண்டுகொண்டது. மூன்று மூலைக்கு மூன்று டம்ளரை வைத்தாள். நாலாவது மூலைக்குத் தன் முழங்கையை வைத்தாள். மூக்குக்கண்ணாடிகள் இரண்டும் அடிக்கடி இடித்துக்கொண்டன. பென்சில் சீவிய வாசனையில் அவருக்கு இருபத்தாறு வயசாகிவிட்டது.

"இந்த ஸ்டேஷன்ல நாலு மணி நேரம் நிக்கணுமே, என்ன செய்வோம்?"

"பேசிக்கிட்டு இருப்போம்."

"எதைப் பத்தி?"

யோசித்தார். "அடுத்த ஸ்டேஷனைப் பத்தி."

அவள் சிரித்தாள். அவர் கோடு போட்டார். மூன்றாவது கோடு இரண்டாவது கோடு முடிவதற்கு முன்பே தொடங்கியது. "பஸ் போனப்புறம் நம்ம ரயில் வருது," என்று விரலை வைத்தாள். அழித்துத் திருத்தினார். அந்தச் சந்தோஷத்தில் ஏன் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார் என்பதையே மறந்துபோனார்.

ஒரு தடவை மட்டும் அவள் கேட்டாள்: "திரும்பி வர்றதுக்கு?"

"போன வழியிலேயே வர்றது. அதுல என்ன இருக்கு?"

"அதுக்கும் ஒரு கோடு போடலாமே."

"போறதை ஒழுங்காப் போட்டா வர்றது தானா வரும்," என்றார், எதிர் மேஜை காலியாக இருக்கும் தைரியத்தில்.

*

பதினோராம் நாள் சாயங்காலம் மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா இறங்கி வந்தார். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பவர். தன் வாயை அவர் மூடி யாரும் பார்த்ததில்லை. பக்கத்துத் தெருவுக்குக் கூட விமானம் விட்டால் அதில் ஏறிவிடக்கூடியவர்.

மேஜையில் விரிந்திருந்த காகிதத்தைப் பார்த்தார். "என்ன சார் இது? வேர்ல பிரச்சினை உள்ள கடைவாய்ப் பல் மாதிரி இருக்கு!"

"தீவுக்கு வழி, டாக்டர்."

"அஞ்சு வண்டியா? அம்மாவுக்கு முட்டி வலியாச்சே. பாதி வழியில வலி வந்தா?"

மனைவி தேநீரை டாக்டரம்மா முன்னால் வைத்துக்கொண்டே, கணவரிடம் வெகு மெதுவாகச் சொன்னாள்.

"நானும் அதைத்தான் நெனச்சேன். நீங்களே சொல்வீங்களேங்க, சோதனை ஓட்டம் விடாம எந்த அட்டவணையையும் அச்சுக்கு அனுப்பக் கூடாதுன்னு."

"சொல்வேன்."

"காலி வண்டியை ஓட்டிப் பாத்துட்டுத்தானே அப்புறம் ஜனங்களை ஏத்துவீங்க?"

"அதுதான் முறை."

"அப்ப நீங்க ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க. எல்லாம் சரியா இருந்தா அடுத்து நாம ரெண்டு பேரும் போவோம்."

"நான் தனியாவா?"

"காலி வண்டிதானே," என்றார் டாக்டரம்மா.

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சு விம்மியது. ஓய்வு பெற்று ஏழு வருஷமாக யாரும் அவரிடம் ஒரு சோதனை ஓட்டத்தை ஒப்படைக்கவில்லை. பழைய அலுவலகப் பையைத் தூசி தட்டினார். நோட்டுப் புத்தகம் ஒன்று, பென்சில் மூன்று, ரப்பர் ஒன்று, கைக்கடிகாரம் இரண்டு. இரண்டாவது கடிகாரம் முதலாவதைச் சந்தேகப்படுவதற்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்குக் கிளம்பினார். மனைவி வாசலில் நின்று கையை ஆட்டினாள். ரொம்பத் தாராளமாக ஆட்டினாள். அதைக் கவனித்திருக்க வேண்டும்.

*

முதல் ரயில் ஒரு நிமிஷம் தாமதம். நோட்டில் குறித்தார். இரண்டாவது ரயில் இரண்டு நிமிஷம் முன்னதாக. அடிக்கோடிட்டுக் குறித்தார். முன்னதாக வருவது தாமதத்தை விடப் பெரிய ஒழுங்கீனம் என்பது அவர் கொள்கை.

நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டிய அந்த நிலையம் வந்தது. ஒரு பெஞ்சு, ஒரு குழாய், ஒரு மணிக்கூண்டு. மணிக்கூண்டு கடிகாரம் மூன்று நிமிஷம் பிந்தி ஓடியது.

"இதைப் பாத்தியா?" என்று பக்கத்தில் திரும்பினார்.

பக்கத்தில் பை இருந்தது.

கல்யாணமான நாள் முதல் எதையாவது பார்த்தால் இடது பக்கம் திரும்பிச் சொல்வது அவர் வழக்கம். அங்கே ஆள் இருக்கும். 'ம்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'ம்' வராமல் மணிக்கூண்டு பிந்தி ஓடி என்ன, முந்தி ஓடி என்ன? பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிஷம் பாக்கி இருந்தது. அந்த நேரம் முழுக்க, ஒற்றை அறையும், டம்ளரும், இரவல் பெட்டியும், அதை அவள் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுக்கப் போன நடையும் கண்ணில் வந்து வந்து போயின. பெட்டியை அவள் கையில் பிடித்துத் தூக்கிப் போகவில்லை. மார்போடு அணைத்துத் தூக்கிப் போனாள். இத்தனை வருஷம் கழித்து, யாரும் இல்லாத ஒரு நடைமேடையில், அது அவருக்கு உறைத்தது.

பஸ் போனது. படகு போனது. கப்பல் வந்தது. கப்பலைப் பற்றி அவர் நோட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதுவும் பாதியில் கோணிக்கொண்டு காகிதத்தை விட்டே வெளியே போய்விட்டது. முந்தின வாரம் சாப்பிட்டது, அதற்கு முந்தின வாரம் சாப்பிட்டது, எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தார். பக்கத்து இருக்கைக்காரர் தன் வாந்திப் பையையும் அவருக்கே கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தூரத்தில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. போனில் சிக்னல் வந்தது. உடனே மனைவியைக் கூப்பிட்டார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். காது வலி இல்லை, காதல் இல்லை, எனக்குப் பயம் என்று.

"சொல்லுங்க," என்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். அது என்ன, பின்னால தஸ் புஸ்ஸுன்னு சத்தம்?"

"வாஷிங் மெஷின்."

"இவ்வளவு பெரிசாவா?"

"பெட்ஷீட் போட்டிருக்கேன்."

"காக்கா மாதிரி ஒண்ணு கத்துதே?"

"பெல்ட் தேஞ்சு போச்சு. என்ன சொல்லணும்?"

அவ்வளவு சத்தத்தில் அதைச் சொல்ல முடியவில்லை. "வந்து சொல்றேன்," என்றார்.

"வாங்க, வாங்க," என்றாள்.

*

கப்பல் துறையில் இறங்கியபோது மணி ஒன்பது நாற்பத்துநாலு. கால் தரையில் இருந்தது, தரை இன்னும் கடலில் இருந்தது. துறையை ஒட்டி ஒரு குடிசை மாதிரிக் கடை. அதன் நிழலில், பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இளநீரில் குழல் வைத்து உறிஞ்சியபடி ஓர் அம்மாள். அட, நம் வீட்டுக்காரியைப் போலவே ஒருத்தி என்று நினைத்தார். இடது பக்கம் திரும்பி அதைச் சொல்லவும் போனார்.

"பதினாலு நிமிஷம் லேட்டு," என்றாள் அந்த அம்மாள்.

அவருக்கு வாய் திறந்தது. பல் டாக்டரம்மா பின்னாலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "கீழ் வரிசையில ஒண்ணு அடைக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

"நீ எப்படி இங்க?"

"நேத்துக் காலையிலேயே வந்துட்டேன்."

"எதுல?"

"நீந்தியா வர முடியும்?"

"ஃப்ளைட்லயா!"

"ரெண்டு மணி நேரம். நீங்க அப்ப பஸ்ல இருந்திருப்பீங்க. மேலேர்ந்து ஒரு பஸ் தெரிஞ்சுது. கையை ஆட்டினேன்."

"என்னை ஏமாத்திட்டே."

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? ஃப்ளைட்னு சொன்னா உங்களுக்குக் காது வலி வந்துடும்."

"காது வலி நெசமாவே இருக்கு." வலது காதைத் தொட்டார்.

"போன தடவை இடது காது."

கையை இறக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். ஆனால் முப்பத்துநாலு வருஷ உத்தியோகஸ்தர் அவ்வளவு சுலபமாகத் தோற்பாரா? "சரி, போகட்டும். வந்தாச்சு. திரும்பும்போது ரெண்டு பேரும் ஒண்ணா, கப்பல்ல..."

"எந்தக் கப்பல்ல?"

"இதே கப்பல்ல. வாரத்துக்கு ஒண்ணு இருக்கே."

அவள் கைப்பையிலிருந்து கப்பல் கம்பெனிக் காகிதத்தை எடுத்தாள். பத்து நாள் மேஜை மேல் கிடந்த அதே காகிதம். அவர் மனப்பாடமாகப் படித்தது. அவள் அதைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினாள். மறுபக்கம் ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. 'திரும்பும் கப்பல்கள்' என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"இந்தக் கப்பல் இன்னிக்குப் பத்தே முக்காலுக்குத் திரும்புது. அதுதான் கடைசி. அதுக்கப்புறம் காத்துக் காலம், மூணு மாசத்துக்குக் கப்பல் கிடையாது. நீங்கதான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லையே."

"அது என் மேஜை இல்லை," என்றார் ஈனசுரத்தில்.

"செவ்வாய்க்கிழமை ஃப்ளைட்டுக்கு ரெண்டு டிக்கெட் இருக்கு. வேண்டாம்னா இந்தக் கப்பல்ல ஏறிப் போயிடுங்க. சோதனை ஓட்டமும் முழுசா முடியும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அவள் சொன்னது நிஜம். அது அவருக்குத் தெரிந்தது. நாற்பது வருஷமாகச் சொல்லாதவள் இன்னொரு தடவையும் சொல்லாமல் இருந்துவிடுவாள். தீவில் அஞ்சு நாள் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, 'நல்லா இருந்துதுங்க' என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்வாள்.

கப்பல் ஒரு தடவை ஊதியது.

"எனக்குப் பயம்," என்றார்.

"எதுக்கு?"

"உனக்குத் தெரியும்."

"தெரியும். ராட்டினத்துல ஏறினோமே, நம்ம கல்யாணம் ஆன புதுசுல, அன்னிக்கே தெரியும். கம்பியைப் பிடிக்கிறதா நெனச்சு முன்னால இருந்தவர் முடியைப் பிடிச்சீங்க. ஆனா நீங்க சொல்லுங்க."

"ஆகாயத்துல தண்டவாளம் கிடையாது. எவன் எந்தக் கோட்டுல போறான்னு யாருக்குத் தெரியும்?"

"கடல்ல மட்டும் தண்டவாளம் இருந்துதா?"

"இல்லை. அதான் வழியெல்லாம் வாந்தி."

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். சிரிக்கிறாளா என்று பார்த்தார். சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கண்ணைத் துடைத்தும்கொண்டாள்.

"இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சு முடிச்சதும் வேற வழி பாத்திருப்போம்."

கப்பல் இரண்டாவது தடவை ஊதியது. அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். சரியாகப் பத்தே முக்காலுக்குக் கப்பல் போனது. வாழ்க்கையில் முதல் முறையாக, தான் ஏற வேண்டிய வண்டி தன் கண் முன்னால் போவதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தார். அவள் இளநீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அந்த அஞ்சு நாளும் காலண்டரில் இருந்த தென்னையைத் தேடினார்கள். அவள் அந்தத் தாளைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். தீவில் ஆயிரம் தென்னை. ஒன்றுகூட அப்படிச் சாயவில்லை.

"இதுவா இருக்குமோ?"

"இது நேரா நிக்குதே."

"நாப்பது வருஷத்துல நிமிர்ந்திருக்கும்."

கடைசியில் அவர் ஒரு மரத்தைப் பிடித்துச் சாய்க்கப் பார்த்தார். மரம் அசையவில்லை. அவர் சாய்ந்தார். அவள் போட்டோ எடுத்தாள்.

*

செவ்வாய்க்கிழமை விமானத்தில் அவரை ஏற்றியதைப் பற்றி விரிவாகச் சொல்லுவது நாகரிகமில்லை. படிக்கட்டின் கைப்பிடியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. பத்தாவது விரலை எடுப்பதற்குள் முதல் விரல் மறுபடி பிடித்துக்கொண்டது. உள்ளே போனதும் கண்ணில் பட்ட முதல் இருக்கையில் விழுந்து, பெல்ட்டை மாட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா பின் வரிசையிலிருந்து, "வாயைத் திறந்து வச்சிக்குங்க சார், காது அடைக்காது," என்றார். கடைசிவரை திறந்தே இருந்தது.

விமானம் மேலே ஏறியதும், கண்ணை மூடியபடியே கேட்டார்:

"நீ வரும்போது பஸ் தெரிஞ்சுதுன்னியே, எவ்வளவு சின்னதாத் தெரிஞ்சுது?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டு மணி நேரமும் டாக்டரம்மா மடியில தலையைக் கவுத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "உனக்கும் பயமா?"

"பின்னே? அதான் ஒரு நாள் முன்னாலயே வந்து அதை முடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் பயந்தா யார் கையை யார் பிடிக்கிறது?"

இன்னொரு கண்ணும் திறந்துகொண்டது. மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே கடல். அதில் பச்சைப் பொட்டாக அந்தத் தீவு. மேலே மேகம், தங்க விளிம்போடு. பஞ்சு மூட்டை இல்லை. எந்தத் தலையணைக்குள்ளும் இப்படி ஒன்று இல்லை. இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டோமே என்று தோன்றியது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆகாயத்துக்கே அட்டவணை போடக்கூடியவர்போல ஒரு பார்வை பார்த்தார்.

"இனிமே எங்க வேணாலும் கூப்பிடு, வர்றேன்! இங்க பாரு, அந்த மேகத்தை..."

"பாத்தாச்சில்ல? எழுந்திருங்க," என்று டிக்கெட்டை நீட்டினாள் மனைவி. "ஜன்னல் சீட்டு என்னோடது."